முழுதாக இருந்த சூட்டுக்குறி

புவெப்லா,
19 செப்டம்பர் 1993, ஞாயிறு

அன்பு மகள் அம்பாரோவுக்கு,

அப்பாவின் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே சுகமாக இருக்கவேண்டும் என்று காலைப் பூசையில் மாதாவிடம் தினமும் கேட்கிறேன், சில நாள் கேட்பதில்லை, அதட்டவே செய்கிறேன். சிகாகோவில் குளிர் ஆரம்பித்திருக்கும். டியூட்டி முடிந்து வந்து வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. இங்கே வால்நட் பருவம், மாதுளையும் வந்துவிட்டது, உன் அப்பா மேசையில் உட்கார்ந்து கறி அடைத்த மிளகாய்க்கு ஊற்றும் சாற்றுக்காக வால்நட்டுக்குத் தோல் உரித்துக்கொண்டிருக்கிறார், உரிப்பதில் பாதி அவர் வாய்க்குப் போகிறது. கேட்டால் கசக்கிறதா என்று பார்க்கிறாராம். இதையெல்லாம் போனில் சொல்லலாம். ஆனால் நான் சொல்ல வந்தது போனுக்கு ஆகாது, நீ அழுவாய், நான் கத்துவேன், அதற்குள் காசு தீர்ந்துவிடும். ஆகவே எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

ஆகஸ்டு கடைசியில் தலைநகரிலிருந்து ஒரு ஏலப் பட்டியல் வந்தது. போன வருஷம் இறந்துபோன ஒரு பெரிய சேகரிப்பாளரின் நூலகத்தை அவர் பிள்ளைகள் விற்கிறார்கள். அதில் நாற்பத்தேழாம் எண், காய்ச்சலுக்கும் கட்டிக்கும் மருந்து சொல்லும் ஒரு சின்னப் புத்தகம், இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன் மெக்சிகோவில் அச்சடித்தது. உனக்கு நினைவிருக்கும், நீ ஊரை விட்டுப் போன வருஷம் அது நம் பழைய புத்தகக் கடையில் ஒரு வாரம் இருந்தது, நீகூடப் பல்வலிக்கு அதில் போட்டிருந்த மருந்தைப் படித்துவிட்டுச் சிரித்தாய். அதை உன் ஞானத்தந்தை கிறிசோஃபரோ கொண்டுவந்தார், நான் மதிப்புச் சொல்லிச் சீட்டு எழுதினேன், அந்தச் சேகரிப்பாளர் வாங்கிப்போனார். இப்போது பட்டியலில் என் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள், தெகோஸ்த்லா மடத்துச் சூட்டுக்குறி உள்ள நூல், ஹொர்த்தென்சியா செந்தேனோ உறுதி செய்தது என்று. எனக்கு ஒரே பெருமை. உன் அப்பாவிடம் காட்டினேன், அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, "உன் பேருல ஒரு எழுத்து விட்டுப்போச்சு" என்றார். விடவில்லை.

மாப்பிள்ளைக்கு நீ விளக்கவேண்டியிருக்கும், அதனால் சொல்கிறேன். அந்தக் காலத்தில் ஒவ்வொரு மடத்துக்கும் ஒரு இரும்பு முத்திரை இருந்தது. மாட்டுக்குச் சூடு போடுவதுபோல அதைக் காய்ச்சிப் புத்தகத்தை மூடிப் பிடித்து, தாள்களின் விளிம்பில் ஒரு அழுத்து. யாராவது திருடினால் ஒரு தாளையா இரண்டு தாளையா கிழிப்பான், குறி எல்லாத் தாளிலும் இருக்கும். சட்டம் போட்டு மடங்களை மூடினார்களே, அதன்பிறகு சூடு போட யாரும் இல்லை. அப்போது சிதறிய புத்தகங்கள் இன்று நம் தொழிலில் தங்கம். அதிலும் குறி முழுதாக இருந்தால் ஒரு விலை, பாதி இருந்தால் அதில் கால்வாசிகூடக் கிடையாது. இந்தக் கணக்கை ஏற்படுத்தியது நாங்கள்தான், என்னைப்போன்ற மதிப்புச் சொல்கிறவர்கள். இதை மனதில் வைத்துக்கொள்.

பட்டியலில் இரண்டு படம் போட்டிருந்தார்கள், பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் புத்தகத்தின் மேல்விளிம்பு, குறி வட்டமாக, முழுதாக, அழகாக இருந்தது. மற்றதில் முதல் பக்கம், மேல் ஓரத்தில் ஏதோ ஒரு துறவி கையால் எழுதிய ஒரு வரி. அந்த வரியின் எழுத்துகளுக்குத் தலை இல்லை. பைண்டர் கத்தி வைத்து ஓரத்தைச் சீவும்போது போயிருக்கிறது. பைண்டிங் எந்த வருஷத்தது என்று எனக்குத் தெரியும், உள் அட்டையில் பைண்டர் ஒட்டிய சின்னச் சீட்டில் 1891 என்று இருந்ததை நானே மதிப்புச் சீட்டில் எழுதியிருக்கிறேன். அம்பாரோ, யோசித்துப் பார். மடம் மூடி முப்பது வருஷம் கழித்து அந்த ஓரத்தைச் சீவினார்கள். எழுத்தின் தலையைச் சீவிய கத்தி, அதே ஓரத்தில் இருந்த குறியை மட்டும் எப்படி விட்டுவைக்கும்? குறியிலும் ஒரு துண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. அப்படியென்றால் சீவிய பிறகுதான் சூடு போட்டிருக்கிறார்கள். யாரோ, மடமே இல்லாத காலத்தில். இரண்டையும் பதினோரு வருஷத்துக்கு முன் என் கையில் வைத்துப் பார்த்தவள் நான். குறியைப் பார்த்தேன், எழுத்தைப் பார்த்தேன், இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. முழுக்குறியைக் கண்டதும் என் கண் அங்கேயே நின்றுவிட்டது. கடையில் புதிதாகச் சேர்ந்த பெண் செய்தால் காதைத் திருகியிருப்பேன். என் காதைத் திருக யாரும் இல்லை, உன் அப்பாதான் இருந்தார், அவர் சொன்னார், "நான் ஓட்டின பஸ்ஸு எவ்வளவோ மேல், பிரேக் போச்சுன்னா போச்சுன்னு அதுவே சொல்லிடும்."

குறியின் வடிவம் சரியானது, போலி இரும்பில் அப்படி வராது. நிஜ இரும்பு ஒன்று இருந்தால்தான் வரும். தெகோஸ்த்லா இரும்பு யார் கடைச் சுவரில் தொங்கியது என்று உனக்குத் தெரியும், சின்ன வயதில் அதைப் பிடித்துத் தொங்கி அடி வாங்கியிருக்கிறாய். மறுநாளே சாப்போஸ் சந்தில் இருக்கும் பழம்பொருள் கடைக்குப் போனேன். உன் ஞானத்தந்தை கடையில் பூட்டு சாவிகளை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. நான் ஆணியைப் பார்த்தேன், அவரும் பார்த்தார். "பட்டியல் உங்களுக்கும் வந்துடுச்சா கொமாத்ரே" என்றார், உன் ஞானஸ்நானத்திலிருந்து நான் அவருக்குக் கொமாத்ரேதான். இரும்பு எங்கே என்று கேட்டேன், கட்டிலுக்கு அடியிலாம்.  "எனக்கு வித்தவரும் போய்ட்டாரு, உங்ககிட்ட வாங்கினவரும் போய்ட்டாரு, இப்ப எதுக்குத் தோண்டுறீங்க? அந்தப் புத்தகம் அந்த மடத்துதாகவே இருந்திருக்கலாம், யாரு கண்டா?" என்றார். இருக்கலாம் என்று நான் எழுதிக் கொடுக்கவில்லை, இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன் என்றேன். அப்போதுதான் துடைத்துக்கொண்டிருந்த சாவியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், "யாருக்காகச் சுட்டேன்னு நினைக்கிறீங்க? அந்தப் புள்ள கையில நர்சிங் காலேஜ் கடுதாசி, உங்க கையில வாடகை நோட்டீசு. நான் என்ன செய்ய?"

நீ பஸ் ஏறும்போது அவர் உன் சட்டைப்பையில் ஒரு உறை திணித்தாரே, அது அந்தப் புத்தகம் விற்ற பணம், அவர் பங்கு அத்தனையும். ஒரு பேசோ அவர் எடுத்துக்கொள்ளவில்லை. நீ இதைப் படித்துவிட்டு என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும், படிப்பைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று யோசிப்பாய், உன் குணம் அது. முட்டாள்தனம் பண்ணாதே. உனக்கு எதுவும் தெரியாது. இத்தனை வருஷம் நீ கழுவிய புண்ணும் தூக்கிவிட்ட நோயாளிகளும் உன் சொந்த உழைப்பு, அதில் யாரும் பொய்ச் சூடு போடவில்லை.

அவர் கேட்டது எனக்குப் புரிந்தது. நானும் பேசாமல் இருந்திருப்பேனோ என்னவோ, பணக்காரர் விற்றுப் பணக்காரர் வாங்குவதாக இருந்தால். ஆனால் அந்த நாற்பத்தேழாம் எண்ணைக் கேட்டு ஏலக்காரர்களுக்கு எழுதியிருப்பது தெகோஸ்த்லா ஊரே. பள்ளிக்கூட டீச்சர் பிரிஹிதா கோயோத்ல் எனக்கே கடிதம் போட்டிருந்தார், உங்கள் சீட்டை நம்பித்தான் பணம் சேர்க்கிறோம் என்று. எங்கள் மடத்துப் புத்தகம் ஒன்றுகூட எங்கள் ஊரில் இல்லை, இது வீடு திரும்பட்டும் என்று. அதற்காக இந்த வருஷத் திருவிழாவுக்கு வாணவேடிக்கை வேண்டாம் என்று ஊர் கூடி முடிவு செய்திருக்கிறார்கள். வாணவேடிக்கையை விட்டுக்கொடுத்த ஊரை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு என்னால் இரண்டு நாள் சாப்பிட முடியவில்லை. மூன்றாம் நாள் ஏலக்காரர்களுக்கு எழுதினேன், என் மதிப்பீடு தவறு, காரணம் இது, என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று. சேகரிப்பாளரின் மூத்த மகன் போன் செய்து வாய்க்கு வந்ததைச் சொன்னான், கேட்டுக்கொண்டேன், அவன் கோபம் நியாயம். ஏலக்காரர்கள் இரண்டே வரி எழுதினார்கள், இனி என் சீட்டு செல்லாதாம். இருபத்தெட்டு வருஷம், இரண்டு வரி. வலித்தது, மறைக்க மாட்டேன். அன்று மாலையே கடையைத் திறந்துவைத்தேன், இனியும் திறப்பேன்.

தெகோஸ்த்லாவுக்குக் கடிதத்தில் சொல்லக்கூடாது, நேரில் போய்ச் சொல்லவேண்டும் என்று பஸ் ஏறினேன். அப்பாவும் கூட வந்தார், வழி முழுக்க டிரைவருக்குக் கியர் போடச் சொல்லிக்கொடுத்து மானத்தை வாங்கினார். பள்ளிக்கூடத்தில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள், என்னைப் பாராட்டத்தான் கூட்டம் என்று நினைத்துப் பூமாலையோடு. மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு நின்றுகொண்டே எல்லாம் சொன்னேன், கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினேன்.  பிறகு ஒரு தச்சர், அவர்தான் புத்தகத்துக்குக் கண்ணாடிப் பெட்டி செய்தவர், "டீச்சர், பெட்டி ரெடி ஆயிருச்சு. இந்தம்மாவையே அதுல உக்கார வச்சிருவோமா?" என்றார். சிரித்தார்கள், நல்ல சிரிப்பு இல்லை. சுட்டது யார் என்று கேட்டார்கள். சீட்டில் இருப்பது என் கையெழுத்து, அதற்கு நான் பதில் சொல்வேன், இன்னொருவர் சொல்லவேண்டியதை அவரே வந்து சொல்லட்டும் என்றேன். எத்தனை தடவை கேட்டாலும் அதுதான் என்றேன்.

அப்போது வறுத்த பன்றித்தோல் விற்கிற ஒரு பெண் எழுந்து வெளியே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். கால்மணி நேரத்தில் ஒரு துணி மூட்டையோடு திரும்பி வந்து என் முன்னால் பொத்தென்று வைத்தாள். "எட்டு வருஷத்துக்கு முன்னாடி உங்க கடைக்கு வந்தேன். நீங்க தொட்டுக்கூடப் பாக்கல. குறி பாதிதான் இருக்கு, எடுத்துட்டுப் போம்மான்னீங்க" என்றாள். எனக்கு அவளை நினைவில்லை, அதுவே பெரிய வெட்கம். பிரித்தேன். பிரசங்கப் புத்தகம், பன்றிக்கொழுப்புக் கறை, தெகோஸ்த்லா வட்டத்தில் பாதி. மீதியைப் பைண்டரின் கத்தி கொண்டுபோயிருந்தது, எந்தக் கத்தியும் எப்படிக் கொண்டுபோகுமோ அப்படி.  எல்லோர் முன்னாலும் சொன்னேன், இது நிஜம், வெட்டுப்பட்டதால்தான் நிஜம் என்று தெரிகிறது, அன்று திருப்பி அனுப்பியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "அப்ப இதுக்கு இப்ப வெல உண்டா?" என்றாள். உண்டு, ஆனால் நான் வாங்கமாட்டேன், ஊரோடு பேசு என்றேன். டீச்சரும் அவளும் இன்னும் பேரம் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்வி, அவள் லேசில் விடுகிற ஆள் இல்லை.

உன் ஞானத்தந்தை மூன்று வாரமாக ஞாயிறு சாப்பாட்டுக்கு வரவில்லை. போன திங்கள் நானே போய், தெகோஸ்த்லாவில் நடந்ததைச் சொன்னேன். இரும்பை அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள், எப்படி உங்களிடம் வந்தது, என்ன செய்தீர்கள் என்றும் சொல்லுங்கள் என்றேன். கொடுக்கிறேன் என்றார், இன்னும் போகவில்லை. ஒன்றுதான் கேட்டார், "ஊர் முழுக்கச் சொல்லுங்க கொமாத்ரே, அந்தப் புள்ளைக்கு மட்டும் சொல்லாதீங்க. அவ கண்ணுல நான் நல்லவனாவே இருந்துட்டுப் போறேன்." அழுதார், நானும் அழுதேன். ஆனாலும் முடியாது என்றுவிட்டேன். அவரை நீ வெறுக்கவேண்டும் என்று இல்லை, மூன்று பேர் சம்பந்தப்பட்ட காரியத்தில் இரண்டு பேர் உண்மையை வைத்துக்கொண்டு மூன்றாவது ஆளை ஏமாற்றிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. ஞாயிறு வரைக்கும் நேரம் தருகிறேன், நீங்கள் எழுதாவிட்டால் நான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று ஞாயிறு. பணம் எதுவும் அனுப்பாதே, வேண்டாம். குழந்தைக்குக் காதில் குளிர் படாமல் தொப்பி போடு. அப்பா உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசீர்வாதம் சொல்கிறார், அவருடைய முழங்காலுக்கு அந்த ஊர்த் தைலம் கிடைத்தால் இரண்டு டப்பா வேண்டுமாம். மாதா உங்கள் மூவரையும் தன் போர்வைக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

உன் அம்மா,
ஹொர்த்தென்சியா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் ஞானத்தந்தை கதவைத் தட்டினார். உள்ளே வரவில்லை, மிளகாய் சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. நான்காக மடித்த ஒரு தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார், மேலே உன் பெயர். இதோடு வைத்திருக்கிறேன், பிரித்துப் பார்க்கவில்லை. ஆயுள் முழுக்க மற்றவர் தாளுக்கு நான் மதிப்புச் சொன்னேன், இதற்கு நீதான் சொல்லவேண்டும்.