ஒருத்தி தூக்கக்கூடிய பலகை

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, நான் நலம், அப்பா எழுந்து நடமாடுகிறார், நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும். ஃபோனில் பேசினால் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் கடிதம்.

அப்பாவின் பொம்மை ரயிலுக்கு அடியில் இருந்த பலகை ஈரத்தில் உப்பிப்போய், வளைவில் வண்டி குப்புற விழுந்துகொண்டே இருந்தது. சரி, புதுப் பலகை வாங்கலாம் என்று நேற்றுக் கடைக்குப் போனோம். உனக்குத்தான் தெரியுமே, கெட்டி ப்ளைவுட் தவிர வேறு எதையும் அவர் தொடமாட்டார், லேசான பலகை என்று யாராவது சொன்னால் கேக் டப்பாவா செய்யப்போறோம் என்று சண்டைக்கு வருவார். கடைக்காரரும் வழக்கம்போல நல்ல கனமான ப்ளைவுட்டாக எடுத்துத் தட்டிக் காட்டினார். இவரோ அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஃபோம் ஷீட் இருக்கா என்றார். அதுல ஆணி நிக்காதே சார் என்றார் கடைக்காரர். பசை போட்டு ஒட்டிக்கிறேன் என்றார் இவர். என்ன, மழை கிழை வரப்போகுதா என்று நான் கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த ஷீட்டை என் கையில் கொடுத்து, தூக்கிப் பாரு என்றார். தூக்கினேன், கனமே இல்லை. ம், போதும், அப்புறம் நீ ஒருத்தியேதானே எடுத்து வைக்கணும் என்று சொல்லிவிட்டு பில் போடச் சொன்னார்.

அவருக்கு வந்திருப்பது வெறும் வயிற்றுப்புண் என்று நீயும் நானும் கூடிப் பேசி, டாக்டரிடமும் சொல்லிவைத்து மறைத்தோமே, அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது பாப்பா. நாம் அவரை ஏமாற்றவில்லை, அவர்தான் நம்மை ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து காபி குடித்தோம். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இப்போது கூடத்தில் உட்கார்ந்து சட்டத்துக்கு மரம் அறுத்துக்கொண்டிருக்கிறார், நடுநடுவே மூச்சு வாங்குகிறது, நான் பார்த்தால் ரம்பத்தைக் குறை சொல்கிறார்.

இனிமேல் ஃபோனில் சீக்கிரம் சரியாயிடும்ப்பா என்றெல்லாம் நடிக்காதே. லீவு கிடைத்ததும் வருகிறேன் என்றாயே, கிடைக்கிறவரை காத்திருக்காதே, கேட்டு வாங்கிக்கொண்டு வா. வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல். உனக்கு என் ஆசிகள், அப்பாவுடையதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

ஒன்று மறக்காதே, அப்பாவுக்கென்று பொம்மைப் பெட்டி, ரயில் பெட்டி என்று எதையும் சுமந்து வராதே, வெறுங்கையோடு வா. பலகை ஒருத்தி தூக்கக்கூடியதுதான். ஆனாலும் மறுமுனையை நீ பிடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா