எலியேசர் துரையின் ஏழாம் அத்தியாயம்

என் கோபக்கார அண்ணாவுக்கு,

நீ போய் ஆறு வருஷம் கழித்து உன் புத்தகம் வந்துவிட்டது. அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதே. அட்டையைப் பார்த்திருந்தால் இன்னொரு முறை செத்திருப்பாய்.

அட்டையில் இரண்டு பேர். ஒருவர் உன் எலியேசர் துரை, முந்நூறு வருஷத்துக்கு முன்னால் சென்னைப் பட்டணத்துக் கோட்டையில் பவளம் விற்று வைரம் வாங்கிய யூத வியாபாரி. இன்னொருவர் நம் ஊர் சிமெண்ட் கடைக்காரர், முன்னாள் கவுன்சிலர், வணிகர் சங்கத் தலைவர். ஊர்ப் பெயரை எழுதமாட்டேன். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் பஸ் நிற்கிற ஏதோ ஓர் ஊர் என்று படிக்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

துரையின் படம் எங்கேயும் கிடைக்கவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். அதெல்லாம் இவர்களுக்கு ஒரு பொருட்டா? ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையில் சர்ச் காலண்டரிலிருந்து சூசையப்பரை எடுத்து, தலைக்குப் பின்னாலிருந்த ஒளிவட்டத்தை அழித்து, கையிலிருந்த பூவைப் பிடுங்கிவிட்டு ஒரு வைரக்கல்லைச் செருகிவிட்டார்கள். "மூஞ்சில இன்னா களை பாரும்மா" என்றார் தலைவர். ஏசுவை வளர்த்த சூசையப்பரும் யூதர்தான், அந்த மட்டில் தப்பில்லை என்று விட்டுவிட்டேன்.

என் டிடிபி கடை அவருடைய காம்ப்ளெக்ஸில்தானே இருக்கிறது. ஒரு நாள் உன் கையெழுத்துப் பிரதியை நான் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்தார். கதையைச் சொன்னேன். "வியாபாரத்துக்கு வந்தவரு பதவிக்கும் வந்துட்டாரா? அப்படியே என் கதம்மா" என்று பூரித்துப்போனார். அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் போட்டுத் தர, தானே அச்சடித்துத் தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. ஏழாம் அத்தியாயம் வேண்டாம். "மங்களகரமா இருக்கட்டும்மா" என்றார்.

ஏழாம் அத்தியாயத்தில் என்ன இருக்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூற்று மூன்றில் ஆரம்பித்துச் சனிக்கிழமை தவறாமல் திண்டிவனத்தில் ரயிலேறி எழும்பூருக்குப் போவாய். வழியெல்லாம் ஒரு பொட்டலம் வறுத்த மல்லாட்டையைக் கொறித்துக்கொண்டு போய், அங்கே ஆவணக் காப்பகத்தில் பழைய தாள்களைப் படித்துவிட்டு வந்து, துரையை நம் சித்தப்பா மாதிரி பேசுவாய். மதத்துக்காகப் போர்ச்சுகலிலிருந்து விரட்டப்பட்ட குடும்பம். லண்டனிலும் பதவிக்கு வர முடியாது. இங்கே கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் வியாபாரத்துக்காக நகரசபையில் போர்ச்சுகீசியரோடு சரிசமமாக ஒரு நாற்காலி கொடுத்தான். "விரட்டுனவங்க நடுவுலயே குந்தினான் பாரு" என்று உனக்கு அப்படி ஒரு பெருமை.

பிறகு ஒரு சனிக்கிழமை வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய். துரையின் கிடங்குச் சுவரோரம் மீனும் வெற்றிலையும் விற்ற பெண்களை அப்புறப்படுத்த நகரசபையில் தீர்மானம் வந்திருக்கிறது. எங்களுக்கு வேறு இடம் சொல்லிவிட்டு எழுப்புங்கள் என்று அவர்கள் மனு கொடுத்திருக்கிறார்கள். துரை ஒரு வார்த்தை பேசவில்லை. விரட்டலாம் என்று கை தூக்கியவர்களில் அவரும் ஒருவர். "யூதன்னு இல்ல. நாற்காலின்னு ஒண்ணு கெடச்சா எவனா இருந்தாலும் இப்படித்தான்" என்று சொன்னாய். ஒரே வாரத்தில் ஏழாம் அத்தியாயத்தை எழுதி முடித்தாய்.

தலைவருக்கு ஏன் அது பிடிக்கவில்லை தெரியுமா? காம்ப்ளெக்ஸ் வாசலில் கீரையும் காயும் விற்கிற பெண்களை எழுப்பச் சொல்லி அவருடைய சங்கம் அதற்கு முந்தின மாசம்தான் தீர்மானம் போட்டிருந்தது. தன்னைத் தானே அடையாளம் கண்டுகொள்கிற அளவுக்கு அந்த ஆளுக்குப் புத்தி இருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

சரி, உன் தங்கச்சி என்ன கிழித்தாள் என்று கேட்கிறாயா? "சரிங்க தலைவரே" என்றேன். கடை ஒப்பந்தம் முடிய இரண்டு மாசம் இருந்தது, அண்ணா. நீ பத்து வருஷம் அலைந்ததை ஒரு பட்டனைத் தட்டி நானே அழித்தேன். காறித் துப்புவதென்றால் முதலில் என் மூஞ்சியில் துப்பு.

அடுத்த வாரம் கீரை விற்கிற அஞ்சலை கடைக்கு வந்தாள். வளவனூர்ப் பக்கத்திலிருந்து கூடை சுமந்து வருகிறவள். சங்கத்துக்கு ஒரு மனு அடித்துத் தரச் சொன்னாள்.

"எந்திரின்னு சொல்றாங்கோ, சரி. எங்க போய் குந்திக்கினு விக்கிறதுன்னு ஒரு எடத்த சொல்லணுமா இல்லியா? அத மட்டும் எழுதும்மா, போதும்."

என் கை நின்றுவிட்டது. "இன்னாம்மா, கம்ப்யூட்டரு நின்னுடுச்சா?" என்று கேட்டாள். எனக்கு அவளை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

புத்தகம் பைண்டிங் முடிந்து என் கடையில்தான் இறங்கியது. ஏழாம் அத்தியாயத்தைத் தனித் தாள்களில் அடித்து, மேலே 'பிழைதிருத்தம்: ஆறாம் அத்தியாயத்துக்குப் பின் சேர்த்துப் படிக்கவும்' என்று போட்டு, மடித்து ஒவ்வொரு புத்தகத்திலும் வைத்தேன். தன் படத்தைத் தாண்டித் தலைவர் ஒரு பக்கம்கூடப் புரட்டமாட்டார் என்று எனக்குத் தெரியும். கல்யாணத்தன்று தேங்காய், வெற்றிலைபாக்கோடு மண்டப வாசலில் நின்று, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, தன் கையாலேயே எல்லாருக்கும் கொடுத்தார்.

மூன்றாம் நாள் யாரோ படித்துவிட்டு அவருக்குப் போன் போட்டிருக்கிறார்கள். கடைக்கு வந்து நின்றார்.

"இத உங்க அண்ணன் எழுதுனானா, நீ எழுதுனியா?"

"அண்ணன் எழுதினதுங்க. நான் எடுத்தத நானே திரும்ப வெச்சிட்டேன்."

"கடைய காலி பண்ணிடு."

"ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு மாசம் இருக்குதுங்க."

"இன்னைக்கே."

நான் வீரமாக நின்றதாக நினைக்காதே. ஷட்டரை இழுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இப்போது திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மூலையில் மேஜை போட்டிருக்கிறேன். அஞ்சலைக்கும் இடம் கிடைக்கவில்லை. "தெருத் தெருவா கூடைய சுமந்துக்கினு போறேன்" என்கிறாள்.

நேற்று அவள் என்னைத் தேடி வந்தாள். யாரோ கொடுத்த உன் புத்தகம் கையில் இருந்தது. "எங்களப் பத்தி இதுல இருக்குதாமே, படி" என்றாள். ஏழாம் அத்தியாயத்தை முழுக்கப் படித்துக் காட்டினேன். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தப் பொம்பளைங்க பேரு இன்னாம்மா?"

புரட்டிப் பார்த்தேன், அண்ணா. துரை வந்த கப்பலின் பெயரை எழுதியிருக்கிறாய். அவர் வளர்த்த நாயின் பெயரைக்கூட எழுதியிருக்கிறாய். அவர்களில் ஒருத்தியின் பெயர்கூட இல்லை. பத்து வருஷத்தில் உனக்கும் அது தோன்றவே இல்லையா?

மனு என்றால் கீழே கையெழுத்தோ கைநாட்டோ இருக்கும், பக்கத்தில் பெயர் இருக்கும். வருகிற சனிக்கிழமை நான் எழும்பூருக்கு ரயிலேறுகிறேன். கிடைக்கிற வரைக்கும் சனிக்கிழமைதோறும் போவேன். அந்தப் பெயர்கள் இல்லாமல் உன் புத்தகத்தை இன்னொரு முறை அச்சுக்குக் கொடுக்கமாட்டேன்.

உன் கோபத்தில் பாதியாவது வாய்த்திருக்கிற,
உன் கூடப் பிறந்தவள்.