வெறும் டியூப்

அன்புள்ள மச்சான் சலீமுக்கு,

சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில், உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள உங்கள் பஞ்சர் கடையின் காற்றடிக்கும் பம்ப்புக்கு, ஞாயிறு காலை பத்து மணியளவில் புது வாஷர் பொருத்தப்பட்டது. பழைய வாஷர் அரசு மரியாதையுடன் அடக்கம்... சரி, அந்த வார்த்தை வேண்டாம். மாற்றியது நான்தான். லீவு நாளில் கடையில்தான் இருக்கிறேன்.

நம் பள்ளிக் கையெழுத்துப் பத்திரிகைக்கு உன்னைப் பற்றி எழுதச் சொல்லி தமிழ் ஐயா கேட்டார். "கடலையே கணக்குப் போட்டவனாச்சேப்பா நீ" என்றார். ஆமாம் மச்சான், நான் இப்போது பெரிய ஆள். அறிவியல் கண்காட்சியில் முதல் பரிசு. அம்மா துணி ஊறவைக்கும் பேசின், ஒரு டேபிள் ஃபேன், ஒரு தெர்மோகோல் துண்டு, ஓர் எலுமிச்சம்பழம், அவ்வளவுதான் செலவு. தண்ணீரைக் கையால் வடக்கே தள்ளிவிட்டு, கிழக்குப் பார்த்து ஃபேனைப் போட்டால், மேலே நிற்கும் தெர்மோகோல் காற்றோடு ஓடும். முக்கால்வாசி முழுகிய எலுமிச்சை தண்ணீரோடு போகும். மிதப்பதைப் பற்றிப் பேசிப் பேசி நானே ஒரு மிதப்பில் திரிந்தேன்.

நம் கதை தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் ஊர் அறிந்தபடியே சொல்கிறேன். ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் இருவரும் சதுரங்கப்பட்டினம் கடலுக்குப் போனோம். கடையிலிருந்து லாரி டியூபைச் சுருட்டி, பம்ப்பையும் தூக்கிக்கொண்டு நீ பஸ் ஏறினாய்.

"இன்னாடா, பஸ்ஸு பஞ்சர் ஆவும்னு இப்பவே ரெடியா வந்துட்டீங்களா?" என்றார் கண்டக்டர்.

"ஆமாண்ணா, உங்க டயரப் பாத்தா அப்டித்தான் கீது" என்றாய். பஸ்ஸே சிரித்தது.

கடற்கரை போய்ச் சேர்ந்த இரண்டு மணி நேரத்தில் நான் கரையில் தனியாக நின்று உன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன். ஏழுமலை என்கிற மீன்காரர் இன்ஜின் படகை இறக்கி, என்னையும் ஏற்றிக்கொண்டார். கரையிலிருந்து மேல்காற்று அடித்ததில் டியூப் கிழக்கே வெகுதூரம் போய்க் கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தது. "டியூப்ல ஆளு கீறானா, வெறும் டியூபா? கரீட்டா சொல்லு தம்பி" என்று கேட்டார். "கீறாண்ணா" என்றேன். துரத்திப் போய்ப் பிடித்தோம். டியூப் மட்டும்தான் இருந்தது.

அப்போதுதான் என் மூளை மின்னியது என்று ஊர் சொல்கிறது. இரண்டு பாட்டில்களைக் கடலில் விட்டேன். வெறும் பாட்டில் கிழக்கே ஓடியது. தண்ணீர் நிரப்பியது மெல்ல வடக்கே நகர்ந்தது. "வடக்க தேடுங்கண்ணா" என்றேன். பொழுது சாய்வதற்குள் நீ கிடைத்தாய், சவுக்குத் தோப்போரம். ஏழுமலை அண்ணன் உன் அத்தாவிடம் என்னைக் காட்டி, "இந்தப் புள்ள சொன்ன பக்கத்துலதான் பாய் இருந்தான்" என்றார்.

கண்காட்சிக்கு அத்தாவும் வந்திருந்தார். கூட்டம் போகட்டும் என்று காத்திருந்து என் மேஜைக்கு வந்தார்.

"எம்புள்ள எந்தப் பக்கம் போனான், அத்த மட்டும் காட்டு தம்பி."

எலுமிச்சையைத் தண்ணீரில் விட்டேன். அது பேசினின் விளிம்பில் போய் முட்டும்வரை குனிந்து பார்த்தார். பிறகு ஈரக் கையோடு இருந்த என்னைக் கட்டிக்கொண்டார். "நீ இல்லன்னா அடக்கம் பண்ண எனுக்கு மய்யத்துகூட கெடச்சிருக்காதுப்பா" என்றார்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை மச்சான். கடைக்கு வந்து வாஷர் மாற்றுவதெல்லாம் அதனால்தான். உனக்கே தெரியும், நான் வேலைக்கு அஞ்சாத ஆளா என்ன?

டியூபில் நீ இல்லை. கழுத்தளவு தண்ணீரில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான்தான் பிடுங்கிக் காற்றுப் பக்கம் தள்ளிவிட்டேன். "ஏரி நீச்சலு இங்க செல்லுமா? போய்ப் புடிச்சிக்கினு வாடா பாக்கலாம்!" என்றேன். "அத்தா தோல உரிச்சிடுவாருடா பாவி" என்று கத்திக்கொண்டே நீந்தினாய். ஒரு தரம் திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். அதற்குப் பிறகு உன் தலை தெரியவில்லை.

ஏழுமலை அண்ணன் படகிலேயே சந்தேகப்பட்டார். "ஆளு குந்திக்கினு இருந்தா டியூப் இம்மாம் வேகமா ஓடாதே?" என்று இரண்டாம் தரம் கேட்டார். "புடிச்சிக்கினுதாண்ணா போனான்" என்றேன். ஏன் தள்ளினாய் என்று அடுத்த கேள்வி வருமே, அதற்குப் பயந்து. 'வெறும் டியூப்'. இரண்டே வார்த்தை. வாய் ஓயாத என்னிடம் அந்த இரண்டு வார்த்தை இல்லாமல் போனது. நாங்கள் கிழக்கே ஓடிய அந்த ஒரு மணி நேரம் நீ வடக்கே நீந்திக்கொண்டுதான் இருந்தாயா? இன்ஜின் சத்தம் உனக்குக் கேட்டதா?

பாட்டில் விட்டது நாடகம். நீ டியூபில் இல்லை என்பது எனக்கு முதலிலேயே தெரியும். தண்ணீர் வடக்கே இழுக்கிறது என்று கரையில் துணி மாற்றும்போதே ஏழுமலை அண்ணன் நம்மை எச்சரித்திருந்தார். நீ டியூபோடு போய் வழியில் விழுந்தாய் என்று நம்பியதால்தான் அவர் வடக்கே தேடவில்லை. நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை மச்சான். தெரிந்ததைத் தாமதமாகச் சொன்னேன், அவ்வளவுதான்.

இந்தத் தாளைத் தமிழ் ஐயாவிடம் கொடுப்பதற்கு முன் நாளை கடைக்கு எடுத்துப் போய் அத்தாவிடம் நானே வாசிப்பேன். இது சத்தியம். நடுவில் குரல் இறங்கினால், பம்ப் பக்கத்திலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
உனக்கு மச்சான்,
நாளை முதல் உன் அத்தாவுக்கு யாராக இருப்பேன் என்று தெரியாத
தணிகாசலம்