தெளித்த பிறகு திறக்கும் கதவு

ஜூலை 14, வியாழன். சேலையூர்.

தொற்றுக் காலத்தில் கிருமிநாசினி தெளிக்க ஆள் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. இப்போது கேம்ப் ரோட்டில் எல்லா அடுக்ககங்களும் நிறுத்திவிட்டன. எங்கள் மாடிக்கு மட்டும் மருந்து தெளிக்கும் ரவி வாராவாரம் வருகிறார். எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சர் பணம் கொடுத்து வரவழைக்கிறார். அந்த நோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்தவர். தெளிக்காமல் வாசல் தாண்டமாட்டார்.

இன்று ரவியிடம் என்ன மருந்து என்று கேட்டேன்.

"மருந்தா? கம்பெனில அதெல்லாம் நிறுத்தி எவ்ளோ நாளாச்சு! வெறும் தண்ணி சார். வாசனைக்கு ரெண்டு சொட்டு பினாயில். பேப்பர்ல போட்டு என் பொழப்புல மண்ணப் போட்றாதீங்க."

"டீச்சர ஏமாத்துறியேப்பா."

"நான் வரலன்னா அவங்க வெளிய வரவே மாட்டாங்க சார். வேணும்னா நீங்களே சொல்லிப் பாருங்க."

கதவு திறந்தது. டீச்சர் மூச்சை இழுத்து வாசனை பிடித்தார்.

"ரிப்போர்ட்டர் சார், உங்களுக்கு எல்லாம் தெரியும். இது நெஜமாவே வேலை செய்யுதா?"

ரவி குழாயைச் சுருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"செய்யுது டீச்சர்" என்றேன்.

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். வாழ்நாள் முழுக்கச் செய்தியைச் சரிபார்த்தவன் நான். சொன்னது பொய்தானா என்று இன்னும் பிடிபடவில்லை. திரும்பி வந்தவர் எனக்கும் ஒரு கொத்துக் கறிவேப்பிலை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.