முன்கூட்டியே அச்சடித்த மாலை

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஆறு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் எழுதத் தோன்றாதவள் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால் ஏதோ வில்லங்கம் என்று உங்களுக்கே புரிந்திருக்கும்.

முதலில் ஊர்ச் செய்தி. உங்கள் மகள் இப்போது பஞ்சாயத்து பிரசிடெண்ட். பதவி பெண்களுக்கு என்று ஆனதும், பட்டாளத்துக்காரர் மகள் என்று கட்சிக்காரர்கள் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். உங்கள் பேரன் பிரபு நீங்கள் இருந்த அதே பட்டாளத்தில், எல்லையில் இருக்கிறான். அங்கே சண்டை தொடங்கிப் பதினோரு நாள் ஆகிறது.

இங்கே நம் கோவிந்தாபுரம் செக்போஸ்டில் மாங்காய் லாரிகள் வழக்கம்போல்தான் நிற்கின்றன. டிரைவர்கள் மட்டும் கீழே இறங்கிப் போனில் செய்தி பார்க்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் சைரன் ஒத்திகை நடந்தது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பெஞ்சுக்கு அடியில் குனிந்தார்கள்.

போன வாரம் கட்சியின் ஏரியா செக்ரட்டரி மயில்சாமி வீட்டுக்கு வந்தார். "நம்ம பஞ்சாயத்துல பட்டாளத்துல இருக்கறவிய மூணு பேருங்க. ஜங்ஷன்ல வாழ்த்து பிளக்ஸ் கட்டிப்போடோணும். போட்டோ மட்டும் நீங்க வாங்கிக் குடுத்துருங்க. நீங்க கேட்டா ஆரும் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க."

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்? பழனியம்மாள் வீட்டுக்கும் தையல்கார ராவுத்தர் வீட்டுக்கும் நானே நடந்து போனேன். பழனியம்மாள் சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்து மகன் போட்டோவை எடுத்து, முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். மூன்றாவது போட்டோ பிரபுவுடையது.

மூன்று நாள் முன்பு கொல்லங்கோட்டில் பிளக்ஸ் அடிக்கும் கடைக்குப் போனேன், படம் நன்றாக வந்திருக்கிறதா என்று பார்க்க. கம்ப்யூட்டரில் பிரபு சிரித்துக்கொண்டிருந்தான். கீழே கட்சித் தலைவர்களின் முகங்கள். கடைக்காரர் அடுத்ததைத் திறந்தார். அதே பிரபு, அதே சிரிப்பு. கழுத்தில் மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே 'வீரவணக்கம்'. தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"இது ஆரு அடிக்கச் சொன்னது?"

"செக்ரட்டரிதானுங்க. மூணு பேருக்கும் அடிச்சு வெச்சாச்சு. அன்னைக்குப் பாத்து கரண்ட் இல்லீனா என்ன பண்றது?"

மயில்சாமியைக் கேட்டேன். அவர் முகத்தில் வெட்கம்கூட இல்லை. "கோவிச்சுக்காதீங்க. போன தடவை பக்கத்துப் பஞ்சாயத்துல, சவப்பொட்டி வர்றதுக்குள்ள எதிர்க்கட்சிக்காரனுக பிளக்ஸ் கட்டிப்புட்டானுக. நாம வெறுங்கையோட நின்னோம். இது ஒரு முன்னேற்பாடுதானுங்க."

அப்பா, என் கல்யாணத்தின்போது பெயர் எழுதாத பத்திரிகை ஒன்றைக்கூட நீங்கள் வெளியே விடவில்லை. ஏன் இந்தப் பிடிவாதம் என்று நான் சண்டை போட்ட அன்றுதான் சொன்னீர்கள். மலைமேல் தாக்கப் போவதற்கு முந்தின நாள், கிளார்க்காக இருந்த உங்களைக் கமாண்டர் கூப்பிட்டாராம். அப்புறம் நேரம் இருக்காது, தமிழ்ப் பையன்களின் வீடுகளுக்கு இரங்கல் கடிதங்களை இப்போதே எழுதி வை என்றாராம்.

"பேருக்கும் தேதிக்கும் எடம் உட்டு எளுதினேன் கண்ணு. எதுத்தாப்புல அவனுக சோறு தின்னுட்டு இருந்தானுக. எவன் பேரு ஏறும்னு தெரியாது. கடைசில கமாண்டரு, உனக்கும் ஒண்ணு எளுதிக்கோன்னுட்டாரு."

நீங்கள் போன பிறகு டிரங்குப் பெட்டியில் அந்தக் கடிதம் கிடைத்தது. அம்மாவின் பெயருக்கு, உங்கள் சாவை உங்கள் கையெழுத்திலேயே எழுதியிருந்தீர்கள். அதிலும் தேதிக்கு இடம் விட்டிருந்தது. ஏன் கிழிக்காமல் வைத்திருந்தீர்கள்? பிழைத்து வந்ததற்கு அத்தாட்சியா? மற்றவர்களின் கடிதங்கள் போய்ச் சேர்ந்துவிட்டனவே என்ற கூச்சமா? இருக்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.

ஒன்று சொல்கிறேன். உங்கள் கமாண்டராவது அவர்களோடு மலை ஏறினார். இவர்கள் பிளக்ஸ் கட்டும் ஏணிக்கு மேல் ஏறப்போவதில்லை.

நான் கொடுத்த போட்டோக்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அந்த மூன்று மாலைப் படங்களையும் கடையிலிருந்து சுருட்டித் தூக்கி வந்துவிட்டேன். உங்கள் பெட்டியில், உங்கள் கடிதத்தோடு வைத்துப் பூட்டியிருக்கிறேன். மயில்சாமி விடாமல் போன் பண்ணினார். வாழ்த்து பிளக்ஸும் இன்னும் ஏறவில்லை. நேற்று பழனியம்மாள் வழியில் மறித்துக்கொண்டாள். "ஏனுங்க பிரசிடெண்டம்மா, எம் பையன் படத்தை எப்பக் கட்டுவீங்க?" போட்டோவை வாங்கியது என் கைதானே.

பிரபு பேசி நாலு நாள் ஆகிறது. இன்று காலை நான் பஞ்சாயத்து ஆபீஸுக்குள் நுழைந்ததும் மயில்சாமி எழுந்து நின்றார். என்றைக்கும் எழுந்திருக்காத மனுஷன். சுருள்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "சாப்பிட்டீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவருக்கு என்ன செய்தி வந்தது? மூன்று பேரில் யார்? கேட்டால் சொல்லிவிடுவார் என்று பயந்து நானும் கேட்காமல் வந்துவிட்டேன்.

பெட்டிச் சாவி என் இடுப்பில் இருக்கிறது, அப்பா. யார் வந்து கேட்டாலும் அந்தப் படங்கள் ஜங்ஷனில் ஏறாது. பிழைத்து வருகிறவன் தன்னுடையதைத் தன் கையாலேயே கிழிக்கட்டும். வராமல் போனவன் வீட்டுக்கு, நான் வாங்கிய போட்டோவைத் துடைத்து எடுத்துக்கொண்டு, கட்சிக்காரர் யாரும் கூட இல்லாமல் நானே நடந்து போவேன். அது நம் வீடாகவே இருந்தாலும்.

இந்த வாக்கை உங்களிடம் கொடுத்த,
உங்கள் மகள்,
சரசு