இருபது பேரும் ஒரு பஸ்ஸும்

14 செப்டம்பர் 1998
சாயல்குடிப் பக்கம் புதிதாகத் திறந்த பல்கலைக்கழகத்திலிருந்து நஃபீசா மேடம் இன்று எங்கள் ப்ளஸ் டூ வகுப்புக்கு வந்தார். பட்டப்படிப்பு மட்டுமில்லை, எழுதப் படிக்கத் தெரிந்த விவசாயிகளுக்கும் ஆறு மாத வகுப்பு உண்டாம். ஒரு ஊரில் இருபது விவசாயிகள் சேர்ந்தால் அந்த ஊருக்குள்ளேயே பஸ் வருமாம்.

வீட்டில் அய்யாவிடம் சொன்னேன். “பஸ் ஊருக்குள்ள வந்தா அடுத்த வருசம் அனுப்புறேன். ரெண்டு பஸ் மாறிப் போற படிப்பு வேணாம்.”

ஆக, இருபது பேர்.

20 செப்டம்பர்
வீடு வீடாக ஏறி இறங்கினேன். “மார்க்கு கொறஞ்சா அடிப்பாகளா?” என்றார் கூத்தையா மாமா. “யூனிபாரம் உண்டாடி?” என்றாள் பாண்டியம்மாள் அத்தை. உண்டென்று சொல்லியிருந்தால் இரண்டு கையெழுத்து போட்டிருப்பாள்.

பத்தொன்பது. அய்யாவைக் கேட்கப் பயம்.

27 செப்டம்பர்
இன்னும் பத்தொன்பதுதான். வரும் சனிக்கிழமை ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் மேடம் வந்து நேர்காணல் நடத்துகிறார்.

3 அக்டோபர்
விடியுமுன்னே நல்ல மழை. ஊரே விதைக்கப் போய்விட்டது. பத்து மணிக்கு மந்தையில் நானும் ஒரு ஆடும்தான். மேடம் வந்து, “எங்கம்மா இருபது பேரு?” என்றார். அழுதுட்டேன். ஐயோ, ஆட்டுக்கு முன்னாடி அழுதுட்டேன்!

“காடு எந்தப் பக்கம்?” என்றவர், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கிவிட்டார்.

கூத்தையா மாமா ஏரை நிறுத்தவே இல்லை. மேடம் பின்னாலேயே நடந்து எழுதினார். மாடு திரும்பும்போது மட்டும் கேள்விக்கு ஓய்வு.

பத்தொன்பதோடு முடிந்தது. விதைப்பெட்டியை இறக்காமலே அய்யா மேடத்தைக் கூப்பிட்டார். “என்னை ஒண்ணும் கேக்கலையே தாயி?”

“நீங்க பேரு குடுக்கலையே?” என்றார் மேடம்.

“மக கேக்கவே இல்லையே!”

என்ன படிக்க ஆசை என்றார் மேடம். “மண்ணுல வருசா வருசம் உப்பு ஏறுது. ஏன்னு கேக்கணும்.”

மாட்டேன்னு சொல்லுவாருன்னு நானே எப்படி முடிவு பண்ணினேன்? மக்கு, மக்கு.

8 பிப்ரவரி 1999
கடிதம் வந்தது. இருபது பேருக்கும் இடம், ஊருக்குள் பஸ்ஸும் உண்டு. விவசாயிகளுக்கு வகுப்பு மார்ச்சில்தான், அறுப்பு முடிந்த பிறகு. விதைப்பு நாளில் நேர்காணல் வைத்த மேடமும் தேறிவிட்டார்.

21 ஜூன் 1999
எனக்குப் பல்கலைக்கழகத்தில் முதல் நாள். தாவணியைச் சரிசெய்வதற்குள் எல்லோரும் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். நிற்கத்தான் இடம் என்று நினைத்தேன். ஜன்னலோரம் ஒரு துண்டு கிடந்தது.

“ஏ வள்ளி, இங்கன வா,” என்றார் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்த அய்யா. மூன்று மாத சீனியராம். ‘குட் மார்னிங் சார்’ சொன்னால்தான் துண்டை எடுப்பாராம்.

சொன்னேன்.