கூரைமேல் பூசிய சிவப்பு மை

21 ஜூன் 1971, திங்கள்

நாகப்பட்டினத்திலிருந்து ஆற்றங்குடிக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், மடியில் கேமரா பெட்டி. அங்கே இருக்கும் சர்ச்சுக்கு நூற்றைம்பது வயதாம், விழா மலர் போடுகிறார்களாம். உள்ளே ஆறு படம், வெளியே நாலு. ஏதோ அரண்மனையைக் காட்டப்போவது போல அழைத்துப் போனார்கள். போய்ப் பார்த்தால் நெல் குதிருக்குச் சிலுவை வைத்த மாதிரி ஒரு கட்டடம். உள்ளே வௌவால் நாற்றம். முன்னால் பண்ணை வீட்டுக்கு பெஞ்சுகள், பின்னால் கூலியாட்களுக்குப் பாய். ஆண்டவர் முன் எல்லாரும் சமம் என்று சுவரில் எழுதியிருக்கிறது. பாயிலிருந்து பார்த்தால் தூண் மறைக்கிறது.

பண்ணையார் ஜெக்கரியாதான் விழாக் கமிட்டித் தலைவர். உள்ளே இருட்டு, லென்ஸை நாற்பது விநாடி திறந்து வைக்க வேண்டும், அசையாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். தாத்தா பெயர் வெட்டிய கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பாதியில் மீசையை முறுக்குகிறார். படத்தில் ஆள் இருப்பார், மீசை இருக்காது. சந்தோஷம்.

வெளியே இன்னும் மோசம். வடக்கே குளம், கிழக்கே புளியமரம். தெற்கிலிருந்து எடுத்தால்தான் முழுக் கட்டடமும் விழும். அந்தப் பக்கம் பார்த்தால், சர்ச்சின் இடுப்பில் ஒட்டிக்கொண்டு பண்ணைக் கூலிகளின் குடிசை நாலு. பன்றிக்கொட்டில் இதைவிட நிமிர்ந்து நிற்கும். முதல் கூரை முழுக்கப் பூசணிக்கொடி, பானை அளவில் இரண்டு காய். வாசலில் ஒரு காக்கை வாய்க்காரி, இடுப்பில் கையோடு. "தள்ளிப் போ" என்றால், "என் வாசல்ல நான் நிக்கிறேன். வேணும்னா நீங்க தள்ளிப் போங்க" என்கிறாள். பெயர் செவ்வந்தியாம். பூவுக்கே அவமானம்.

24 ஜூன்

நெகட்டிவ் கழுவினேன். கோபுரம் கம்பீரமாக விழுந்திருக்கிறது. குடிசைகள்தான் கண்ணை உறுத்தின. மெல்லிய பிரஷ்ஷால் அவற்றின் மேல் சிவப்பு மை பூசினேன். மை பூசின இடத்தில் வெளிச்சம் புகாது, பிரிண்டில் வெறும் வெள்ளையாக வரும். நாலு குடும்பம், இருபது நிமிஷ வேலை. இந்த ஜில்லாவில் வேறு எவனுக்கு இந்தக் கை வரும்?

29 ஜூன்

ஜெக்கரியாவுக்கு ஒரே குஷி. "அட, ஓலையே காணும்! தேவதூதன் கைய்யா உனக்கு." தன் மீசை விழாததை இன்னும் கவனிக்கவில்லை.

8 அக்டோபர்

மலர் வந்தது. அட்டையில் என் படம். என் பெயர் எங்கும் இல்லை. ஹார்மோனியம் பழுது பார்த்தவன் பெயர்கூட இருக்கிறது.

14 பிப்ரவரி 1972

அந்தக் காக்கை வாய்க்காரி ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டாள். பொங்கல் கழிந்ததும் குடிசைகளைப் பிரித்துப் போட்டுத் தென்னங்கன்று நட்டுவிட்டார்களாம். இப்போது இரண்டு பிள்ளைகளோடு தங்கை வீட்டு மாட்டுக்கொட்டகையில் இருக்கிறாள்.

புதுச் சட்டம் வந்திருக்கிறது. போன ஜூன் பத்தொன்பதாம் தேதி குடியிருந்த கூலிகளுக்கு அந்த மனை சொந்தம். தாசில்தார் விசாரணையில் ஜெக்கரியா என் அட்டைப் படத்தை நீட்டி, அங்கே குடிசையே கிடையாது என்று சாதித்திருக்கிறார்.

"நீங்க படம் புடிக்கிறப்ப வாசல்லயேதான நின்னேன். உங்கள்ட்ட சண்டைகூடப் போட்டேனே ஐயா. படத்துல நான் எங்க போனேன்?"

"அது சர்ச் படம். உன் கல்யாணப் படம் இல்லை" என்றேன். போய்விட்டாள்.

ஊரெல்லாம் கொடி. கட்சிக்கொடி, சங்கக்கொடி, எல்லாம் ஒரே கடைத் துணி. இவர்கள் சண்டையில் எனக்கென்ன வந்தது? ஆனாலும் சோற்றில் கை வைக்கும்போது அவள் கேட்டது ஞாபகம் வருகிறது. சனியன்.

16 பிப்ரவரி

ஜெக்கரியா வந்தார். என் கடையில் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எனக்கே உத்தரவு. "அந்த நெகட்டிவ் எதுக்கு உனக்கு? கொளுத்திப் போடு. நீ படம் புடிக்கிற ஆளு, உனக்கு ஏன் வம்பு?"

நான் என்ன இவர் பண்ணை ஆளா?

அவர் போனபிறகுதான் உறைத்தது. ஜூனில் பூசச் சொல்லி அவர் வாயே திறக்கவில்லை. நானாகப் பூசினேன். சொல்லாமலே செய்தவன் சொன்னால் செய்யமாட்டானா என்று வந்திருக்கிறார். சரியாகத்தான் எடை போட்டிருக்கிறார். த்தூ!

மை தண்ணீரில் கரையும். நெகட்டிவைத் தட்டில் போட்டு வைத்தேன். முதலில் கூரை வந்தது. அப்புறம் அவள் வந்தாள், இடுப்பில் கையோடு.

2 மார்ச்

புதுப் பிரிண்டோடு விசாரணைக்குப் போனேன். குடிசையே கிடையாது என்றவர்கள் ஒரே நிமிஷத்தில் கட்சி மாறினார்கள். "மனை பிடிக்கிறதுக்காக ஜூலையில போட்ட குடிசைங்க" என்றார் பண்ணை வக்கீல். மலரில் படம் எடுத்த தேதி இல்லை, என் ரசீதில் பணம் வாங்கின ஜூலை மாசம்தான் இருக்கிறது. "என் டைரியில தேதி இருக்குங்க" என்று உளறிவிட்டேன்.

"அதையே கொண்டாங்க" என்றார் தாசில்தார்.

3 மார்ச்

போன வருஷ டைரியை எடுத்துப் படித்தேன். பன்றிக்கொட்டில். காக்கை வாய். அவளை எதிரில் நிற்க வைத்துக்கொண்டு இதைப் படிப்பார்கள்.

கிழித்தால் தேதியும் போகும். தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா? அந்த நாலு வரி மேல் மட்டும் மை கொட்டிவிட்டால்? — பூசிப் பழகின கை, புத்தி அங்கேதான் போகிறது.

வெட்கமாக இருக்கிறது. எந்த வருஷ டைரியிலும் இந்த வார்த்தையை நான் எழுதினதில்லை.

9 மார்ச்

கொடுத்துவிட்டேன். குமாஸ்தாவுக்கு நல்ல கணீர்க் குரல், ஒரு வார்த்தை விடாமல் படித்தான். 'பூவுக்கே அவமானம்' என்ற இடத்தில் யாரோ சிரித்தார்கள்.

தாசில்தார் சிரிக்கவில்லை. "இருபத்தொண்ணாந் தேதி கூரை முழுக்கக் கொடி, பானை அளவு காய். சட்டத்துல சொன்ன பத்தொன்பதுக்கு அப்புறம் போட்ட குடிசைன்னா, ரெண்டு நாள்ல பூசணி காய்க்குமா வக்கீல் சார்?" வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். ஜெக்கரியா என்னைப் பார்த்த பார்வையில் மீசை துடித்தது.

"இவர் எழுதினதெல்லாம் சரியாம்மா?"

செவ்வந்தி என்னை ஒருமுறை பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"சரிதாங்க. காய்தான் தப்பு. ரெண்டில்ல, மூணு."

22 மார்ச்

டைரி திரும்பி வந்தது. காக்கை வாய்க்குப் பக்கத்தில் ஆபீஸ் முத்திரை. மனை நாலு குடும்பத்துக்கும் என்று உத்தரவாகிவிட்டதாம்.

நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கூரை ஓரத்தில் துளி சிவப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மறுபடி தண்ணீரில் போட்டேன்.

மூன்றுதான்.